இடது பக்கம் இருபத்திரண்டு

டிப்போவில் அவரை எல்லோரும் பைலட் என்றுதான் கூப்பிடுவார்கள். இருபத்தாறு வருடம் பஸ் ஓட்டி, வண்டியில் ஒரு கீறல்கூட விழ விடாதவர் என்பதால் வந்த பட்டம். அப்பா அம்மா வைத்த பெயரை மறந்தாலும் மறப்பார், அதை மறக்க மாட்டார். அப்பேர்ப்பட்டவர் வாரத்தில் ஆறு நாள் நிஜ பஸ் ஓட்டிவிட்டு, லீவு நாளில் கம்ப்யூட்டரில் பொம்மை பஸ் ஓட்ட உட்கார்ந்தால் வீட்டில் சிரிக்காமல் என்ன செய்வார்கள்?

"சமையல்காரர் வீட்டுக்கு வந்து சொப்பு வெச்சு விளையாடுற மாதிரி இருக்கு" என்றாள் மனைவி. அவள் மருந்துக்கடையில் வேலை பார்க்கிறவள். நாள் முழுக்கச் சிடுசிடுக்கும் ஆட்களுக்குச் சிரித்த முகத்தோடு மாத்திரை கொடுத்துவிட்டு, பாக்கி வைத்த கிண்டலை எல்லாம் வீட்டில் வந்து கொட்டுவாள்.

விளையாட்டைக் கொண்டுவந்து போட்டவன் மச்சினன். கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கிறவன். ஸ்டீயரிங், பெடல் எல்லாம் மேசையோடு பூட்டிக் கொடுத்திருந்தான். எல்லாம் பிரமாதம், ஒன்றைத் தவிர. பக்கவாட்டுக் கண்ணாடியைப் பார்க்க வேண்டுமென்றால் ஒரு பட்டனை அமுக்க வேண்டியிருந்தது. "எந்த டிரைவர்டா பட்டனை அமுக்கிக் கண்ணாடி பாப்பான்?" என்று பைலட் எகிறினார். அதற்குத்தான் மச்சினன் வெப்கேம் யோசனை சொன்னான். திரைக்கு மேலே கேமரா, அது முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கும். நாம் தலையைத் திருப்பினால் விளையாட்டுக்குள்ளும் பார்வை திரும்பும்.

இப்போது மாட்டியிருப்பது மூன்றாவது கேமரா. முதல் இரண்டையும் பைலட்டே கடைக்குக் கொண்டுபோய், "இடது பக்கம் வேலையே செய்யல, குப்பையை எல்லாம் எங்க தலையில கட்டுறீங்க" என்று சத்தம் போட்டு மாற்றி வந்திருந்தார். கவுன்டரில் இருந்த பெண் இரண்டு தடவையும், "மன்னிச்சுக்குங்க சார், பீஸ் சரியில்லைபோல" என்றாள். இரண்டு தடவையும் அவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்தார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டு முடித்ததும் மச்சினன் வேலையில் இறங்கினான். பின்னால் இருந்த ஜன்னலுக்குத் திரை போட்டான். மேசை விளக்கை முகத்துக்கு நேரே திருப்பினான். மூக்குக்கண்ணாடியைக் கழற்றச் சொன்னான். அப்புறம் அவர் உட்கார்ந்திருந்த சுழல் நாற்காலியைத் தள்ளிவிட்டு, சாப்பாட்டு மேசை நாற்காலி ஒன்றை இழுத்துப் போட்டான்.

"அதுல என்ன குறை?" என்றார் பைலட்.

"சுத்துற நாற்காலில உக்காந்தா உடம்பும் சேந்து திரும்பிடும் அத்தான். தலை மட்டும்தான் திரும்பணும். தோளை நாற்காலியோட ஒட்டி வெச்சுக்குங்க."

திரையில் ஒரு கோடு ஓடியது. தலை வலது பக்கம் போனால் மேலே ஏறும், இடது பக்கம் போனால் கீழே இறங்கும். பக்கத்தில் எத்தனை டிகிரி என்று எண் வரும். பைலட் வலது பக்கம் திரும்பினார். அறுபத்தெட்டு. இடது பக்கம் திரும்பினார். இருபத்திரண்டு. பல்லைக் கடித்துக்கொண்டு இன்னொரு முறை. அதே இருபத்திரண்டு.

"இதுவும் டப்பா" என்று எழுந்துவிட்டார். "எடு, கடைக்குப் போவோம்."

"இருங்க, நான் உக்காந்து பாக்கறேன்." மச்சினன் உட்கார்ந்து திரும்பினான். வலது எழுபது, இடது எழுபத்தொன்று.

"உனக்குச் சின்ன மூஞ்சி. அதுக்கு ஈஸியா பிடிபடுது."

ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே வந்த மனைவி தானும் உட்கார்ந்தாள். அறுபத்தாறு, அறுபத்தாறு. "எனக்குப் பூசணிக்கா மூஞ்சின்னு நேத்துதான் சொன்னீங்க. எனக்கும் வேலை செய்யுதே?"

மச்சினன் சிரித்தான். சிரித்துக்கொண்டே அத்தானின் கழுத்தைப் பார்த்தான், திரையைப் பார்த்தான், சிரிப்பை நிறுத்திக்கொண்டான். நல்ல பிள்ளை. ஒன்றும் தெரியாதவன்போல மவுஸை நகர்த்தி ஏதோ ஒரு கட்டத்தைத் திறந்தான். "பரவால்ல அத்தான், இதுக்கு ஒரு வழி இருக்கு. நீங்க கொஞ்சம் திருப்புனா போதும், மிச்சத்தை அதுவே திருப்பிக்கும்" என்று ஒரு கோட்டைப் பிடித்து மேலே வளைத்துவிட்டான்.

பைலட் மறுபடி உட்கார்ந்தார். பொம்மை பஸ் கிளம்பியது. ஒரு நிறுத்தத்தில் நின்று கதவைச் சாத்தி, இடது பக்கம் லேசாகத் தலையை அசைத்தார். கண்ணாடி முழுசாகக் கண்ணெதிரே வந்து நின்றது. கதவு, படி, நடைபாதை ஓரம், பின்சக்கரம் வரை எல்லாம். எவ்வளவு நாளாயிற்று இதையெல்லாம் பார்த்து? எட்டு மாதம். அவருக்குக் காது மடல் வரை சூடேறியது. பொம்மை பஸ்ஸில் பார்க்க முடிந்ததை அவர் எட்டு மாதமாக நிஜ பஸ்ஸில் பார்க்கவில்லை.

தெரியாமல் இல்லை. கழுத்து இறுக ஆரம்பித்த முதல் வாரமே தெரியும். வருடாந்தர மருத்துவச் சோதனையில் டாக்டர் கழுத்தைத் திருப்பச் சொன்னபோது, அந்த அறையில் இருந்த சுழல் ஸ்டூலைக் காலால் நைசாகத் திருப்பி ஒப்பேற்றியவர் அவர்தான். டாக்டர் எழுதிக்கொண்டே பார்த்ததால் பிழைத்தார். பைலட்டை இறக்கி, பஸ் கழுவும் கொட்டகையில் டோக்கன் கொடுக்க உட்கார வைத்தால் டிப்போவில் ஒருத்தன் மதிப்பானா? அந்த ஒரே பயம். ஆனால் பஸ் சீட் சுழலாது.

மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு நிறுத்தத்தில் வண்டியை எடுத்தார். இடது பக்கம் ஒரு அலறல். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்த ஒரு அம்மா கீழே கிடந்தாள். பைலட் இறங்கி ஓடினார். தூக்கிவிட அல்ல. "கண்ணு என்ன பிடரியிலயா இருக்கு? நான் பாத்துட்டுத்தான் எடுத்தேன்!" என்று கத்தினார். பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லோரும் அவர் பக்கம்தான் பேசினார்கள். இத்தனை வருடம் ஒழுங்காக ஓட்டியவர் சொன்னால் யார் சந்தேகப்படுவார்கள்? அந்த அம்மா முழங்கையைப் பிடித்துக்கொண்டு எழுந்து, "என் தப்புதாண்ணே, மன்னிச்சிருங்க" என்றாள்.

பைலட் ஸ்டீயரிங்கை விட்டுவிட்டார். பொம்மை பஸ் போய் ஒரு கம்பத்தில் மோதி நின்றது.

"கேமரா நல்லாத்தான் இருக்கு" என்றார். "மூணுமே நல்லாத்தான் இருந்திருக்கு."

மச்சினன் குனிந்து ஒயரைச் சுற்ற ஆரம்பித்தான். மனைவி நாற்காலியை இழுத்துப் போட்டு அவருக்கு வலது பக்கம் உட்கார்ந்தாள். கொஞ்ச நாளாகவே எல்லோரையும் அவர் வலது பக்கம்தான் உட்கார வைத்துக்கொண்டிருந்தார்.

"கழுத்துல தேய்க்கிற தைலத்தை எந்தக் கடையில வாங்குறீங்க?" என்று கேட்டாள். "வீட்டுல மருந்துக்கடைக்காரியை வெச்சுக்கிட்டு வெளியில வாங்கினா வாசனை வராதா? சுளுக்குன்னு நெனச்சேன். பெருசா இருந்தா நீங்களே சொல்லுவீங்கன்னு இருந்துட்டேன்."

அவர் எல்லாவற்றையும் சொன்னார். ஸ்டூலைச் சொல்லும்போது மச்சினன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அந்த அம்மாவைச் சொல்லும்போது யார் முகத்தையும் பார்க்க முடியவில்லை. தோலை உரித்துக்கொண்டு எங்காவது ஓடிவிடலாம்போல வெட்கமாக இருந்தது.

"ரிட்டயர் ஆக இன்னும் மூணு வருஷம்தான அத்தான்?" என்றான் மச்சினன் மெதுவாக. "வண்டியில ஒரு சின்னக் கண்ணாடி கூட ஒட்டிக்கிட்டா சமாளிச்சிரலாம்."

பைலட்டுக்கும் ஒரு கணம் அது நல்ல யோசனையாகத்தான் பட்டது.

"அந்தம்மாவுக்கு எவ்வளவு அடி?" என்றாள் மனைவி.

"தெரியல."

"கேக்கலையா?"

"கேக்கல."

அவள் எழுந்து நாற்காலியைச் சாப்பாட்டு மேசைக்கே கொண்டுபோய் வைத்தாள். வைதிருந்தால்கூடத் தேவலை.

மறுநாள் காலை அவர் சீருடை போட்டுக்கொள்ளாமல் டிப்போவுக்குப் போனார். மேற்பார்வையாளர் அவரோடு ஒரே வருடம் வேலையில் சேர்ந்தவர், பிறகு ஓட்டுவதை விட்டுவிட்டு மேசைக்கு மாறியவர். விஷயத்தைக் கேட்டதும் எழுந்து போய் அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"ஏன்யா, நல்லா முடிஞ்சு போனதைக் கிளறுற? ஆஸ்பத்திரியில இருந்தே அந்தம்மா எழுதிக் கொடுத்து அனுப்பிட்டாங்க. இந்தா, நீயே பாரு."

ஃபைலில் இருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். 'பார்க்காமல் வந்தது என் தவறு. ஓட்டுநர் மேல் எந்தக் குறையும் இல்லை.' இரண்டே வரி, பக்கம் முழுவதையும் அடைத்திருந்தது. எழுத்துகள் கோணலும் மாணலுமாக, ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கிடந்தன.

"படிக்காதவங்களா?" என்றார் பைலட்.

"படிச்சவங்கதான். பள்ளிக்கூடத்துல டீச்சராம். வலது கை முழங்கையில ஒடஞ்சு கட்டுப் போட்டிருக்காங்க. இடது கையால எழுதியிருக்காங்க."

பைலட் அந்த இரண்டு வரியையும் திரும்ப ஒரு தடவை படித்தார். பிறகு மேசையில் வைத்துவிட்டு, "எனக்கு ஒரு தாள் குடுங்க" என்றார்.

மேற்பார்வையாளர் கொடுத்தார். பேனாவும் கொடுத்தார். "கழுத்து வலி, அதனால பாக்க முடியலன்னு போடு. திடீர்னு வந்துச்சுன்னு சேத்துக்கோ. ஆபீஸ் வேலையாவது கிடைக்கும். வேற எதுவும் எழுதித் தொலைக்காத."

"திடீர்னு வரலை சார்."

"யோவ், யாருக்கு அது தெரியப் போவுது?"

பைலட் குனிந்து எழுத ஆரம்பித்தார். முதல் வரியிலேயே எழுதிவிட்டார்: 'எட்டு மாதமாக என் கழுத்து இடது பக்கம் திரும்பாது என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் அன்று வண்டியை எடுத்தேன்.'