அவர் பேசினது

ஆராவ் ஸ்டேசனிலிருந்து ஆறு நிமிட நடை என்று யோகராஜா சொல்லியிருந்தார். புனிதவதிக்கு இருபது நிமிடம் பிடித்தது. இடது முழங்கால் மடங்க மறுத்தது. வழியில் மூன்று இடங்களில் பாதசாரிக் கடவை. ஒரு காரும் இல்லாதபோதும் மூன்றிலும் நின்றுவிட்டுத்தான் கடந்தாள்.

"வாங்கோ தங்கச்சி. நீங்கள் நிண்டு நிண்டு வாறதுக்குள்ள லோயரம்மா பென்சன் எடுத்திடுவா" என்றார் யோகராஜா. டொச்சுப் பாஷை நன்றாகத் தெரிந்தவர் என்று நாலு பேர் சொல்லித்தான் அவரைத் துணைக்குக் கூப்பிட்டிருந்தாள்.

புதன் பின்னேரங்களில் தேவாலய மண்டபத்தின் பின்னறையில் ஒரு பெண் வழக்கறிஞர் இலவசமாக ஆலோசனை சொல்லுவார். புனிதவதியின் கைப்பையில் இருந்த தண்டக் கடிதத்துக்கு வெள்ளிக்கிழமைக்குள் மறுப்பு எழுதியாக வேண்டும். எழுதாவிட்டால், நாலு மாதத்துக்கு முன் ஓல்டனில் பாதசாரிக் கடவையில் ஒரு கார் அவளை அடித்து விழுத்திய குற்றம் அவள் மேலேயே நின்றுவிடும். அகதி மனுவுக்கு இன்னும் பதில் வராத ஒருத்தியின் கோப்பை மூடிவிட 'குற்றம்' என்ற அந்த ஒரு சொல் போதும்.

வழக்கறிஞர் பொலிஸ் அறிக்கையை வாசிக்க, யோகராஜா தமிழில் சொன்னார்.

"கார் ஓடினவர் சொல்லுறார், நிண்ட காருகளுக்கு நடுவால நீங்கள் திடீரெண்டு ஓடி வந்தனீங்களாம். தான் உங்களைக் காணவே இல்லையாம். பேந்து இறங்கி வந்து உங்களோடை கதைச்சவராம். அது நீங்களே சொன்னதெண்டு கிடக்கு."

"கதைச்சவரோ? நான் அப்பிடிச் சொல்லேல்லை. என்னைப் பேசினவர் எண்டுதான் சொன்னனான்."

யோகராஜா நிமிர்ந்தார். "ஆர் மொழிபெயர்த்தது?"

"ஒரு மெட்ராஸ் பொம்பிளை. டொக்டரின்ர மனிசி. நல்ல மனிசி, பாவம். 'பேசினாரா?' எண்டு ரெண்டு தரம் கேட்டவ. ஓம் எண்டன்."

"சரிதான் போங்கோ! பேசுறதெண்டா அவைக்குக் கதைக்கிறது. எங்களுக்குத்தானே ஏச்சு. நடுறோட்டில உங்களையும் அவனையும் சுகம் விசாரிக்க வைச்சிட்டா."

யோகராஜா சிரித்துக்கொண்டே அதை வழக்கறிஞருக்கும் விளக்கினார். வழக்கறிஞர் சிரிக்கவில்லை. ஏதோ கேட்டார்.

"பாஷை தெரியாமல் ஏச்செண்டு எப்பிடி விளங்கினது எண்டு கேக்கிறா. என்ன சொன்னவன்?"

புனிதவதி தன் காலைப் பார்த்தாள். என்ன சொன்னான் என்பது தெரியும். அந்தச் சத்தம் நாலு மாதமாக அவளுக்குள்தான் குடியிருந்தது. முதியோர் இல்லத்தில் நிலம் துடைக்கும்போது வாளியின் கிறீச்சிடலோடு அது வரும். ஒருவரிடமும் பொருள் கேட்டதில்லை. கேட்டால், தான் எப்படிப்பட்டவளாக அந்தத் தெருவில் கிடந்தாள் என்பது பொருள் சொல்பவருக்கும் தெரிந்துவிடும். அதனால் தானே ஒரு பொருள் வைத்துக்கொண்டாள்: மாடு மாதிரித் தெருவில் மேய்ந்து திரிகிறாய். சில நாட்களில் அதைவிடக் கேவலமாகவும் வைத்தாள்.

"இகா மேந்து வாத்திஸ்" என்றாள் நிலத்தைப் பார்த்தபடி.

வழக்கறிஞரின் பேனா நின்றது. இன்னொரு முறை சொல்லச் சொன்னார். சொன்னாள். பிறகு அவரே மெதுவாகத் திருப்பிச் சொன்னார்: "இ ஹா க்மெய்ன்ட், டு வார்ட்டிஷ்."

"தங்கச்சி, இது தூஷணம் இல்லை" என்றார் யோகராஜா. "'நீ நிப்பாய் எண்டு நினைச்சன்' எண்டு கத்தியிருக்கிறான்."

"அவ்வளவுதானோ?"

"அவ்வளவுதானோவோ! தான் காணாத ஆள் நிப்பா எண்டு எவனாவது நினைப்பானோ? உங்களைக் கண்டுதான் வந்திருக்கிறான்."

வழக்கறிஞர் வேகமாக எழுதத் தொடங்கியிருந்தார். இதை நீதவானுக்கு முன்னால், கேட்ட அதே சத்தத்தில், சொல்ல முடியுமா என்று கேட்டார்.

ஆறுதல் வரவேண்டிய இடத்தில் எரிச்சல் வந்தது. இத்தனை நாள் வளர்த்த அவமானம் இத்தனை சின்னதா? ஆனால் அந்தச் சின்னது வேறெங்கோ போய்க் குத்தியது. நீ நிற்பாய். அகதிக் கந்தோரில் இருக்கும் அதிகாரிகள் அப்படித்தான் நினைக்கிறார்கள். இல்லத்து மேற்பார்வையாளரும் அப்படித்தான். கடவையின் மஞ்சள் கோடுகளில் அவள் வருவதைக் கண்டும் அவன் அப்படித்தான் நினைத்தான். சற்றுமுன் வெறும் தெருவில் மூன்று தரம் நின்றவள் யார்?

"ஓம், சொல்லுவன்" என்று மறுப்புக் கடிதத்தில் கையெழுத்து வைத்தாள்.

"மூண்டு கிழமைக்குள்ள கூப்பிடுவினம். மறந்துபோடாதேங்கோ" என்றார் யோகராஜா.

இத்தனை நாளும் அவள் மறக்கப் பார்த்த வாக்கியம் அது. ஓல்டன் ரயிலில் உட்கார்ந்து சொல்லிப் பார்த்தபோது வழக்கறிஞரின் குரல்தான் வந்தது, சுத்தமாக, பிசகில்லாமல். அவனுடையது வரவில்லை. உதட்டை அசைத்து அசைத்துத் தேடினாள். எதிரே இருந்த கிழவர் பத்திரிகையைத் தாழ்த்திப் பார்த்தார்.

ஓல்டனில் இறங்கி வீட்டுப் பக்கம் திரும்பாமல் அந்தக் கடவைக்கே போனாள். வேலை விட்ட நேரம், கார்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. கையை உயர்த்திக்கொண்டு ஒரு காலை எடுத்து வைத்தாள். ஒரு கார் மூக்குக் குத்தி நின்றது, ஹோர்ன் அடித்தது. நடுக்கோட்டில் வைத்து அந்தச் சத்தம் திரும்பி வந்தது, முழுசாக, அவன் குரலிலேயே.

அதை விடாமல் பிடித்துச் சொல்லிக்கொண்டே மறுகரைக்கு நடந்தாள்.