மிதமான மழை

1

இந்தக் கதை ஒரு சொல்லிலிருந்து வந்தது. மலை சரிந்த நாளின் மழையைக் கணினி பிறகு கணக்குப் போட்டுச் சொன்னபோது, அதற்கு "மிதமான மழை" என்று பெயர் வைத்திருந்தது. அதைப் படித்ததிலிருந்து எனக்கு வயிறு எரிகிறது. எழுதித் தொலைக்கலாம் என்று உட்கார்ந்தேன்.

முதல் தொடக்கம்: "வானம் பிளந்துகொண்டு..." (வேண்டாம். எல்லாக் கதையிலும் வானம் பிளந்தாகிவிட்டது.)

இரண்டாவது: "பல்லேபொலவுக்கு மேலேயுள்ள தோட்டத்தில் அன்று காலை..." (இதையும் விட்டேன். அன்று நான் அங்கே இல்லை. கணினியும் இல்லை.)

2

சரி, கிருஷாந்தினியிடமிருந்து தொடங்குவோம். மாத்தளை டவுனில் மழைத் தரவு பார்ப்பவள். பிறந்தது அந்தத் தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீட்டில், லயத்தில். மலை சரிந்தபோது தோட்டத்து மழைமானியும் மண்ணோடு போய்விட்டது. பழைய வானிலையைக் கணக்குப் போட்டு மீட்கும் தரவு மட்டுமே மிச்சம். அதில் முப்பது கிலோமீட்டர் சதுரத்துக்கு ஒரே மழைதான். பக்கத்துப் பலாபத்வலயில் தூறியதும் மலையில் ஊற்றியதும் கலந்து, நடுவாந்தரமாக ஓர் எண் வந்து நிற்கும். சாதாரண நாளுக்கு அது குறை சொல்ல முடியாத வேலை. பெருமழை என்று வந்தால் கழுத்தை அறுத்துவிடும்.

அவளுடைய அறிக்கை இன்றைக்கு மாவட்டச் செயலகத்துக்குப் போயாக வேண்டும். "மிதமான" என்று போனால், ஆபத்தில்லை என்று, சரிவுக்குத் தப்பிப் பாடசாலை மண்டபத்தில் தங்கியிருப்பவர்களைப் பழைய லயத்துக்கே அனுப்பிவிடுவார்கள். அவர்களில் அவளுடைய அம்மா சுந்தரம்மாவும் ஒருவர்.

(அம்மாவை அங்கே வைத்தது சினிமாத்தனம் என்பீர்கள். நீக்கிப் பார்த்தேன், கதை படுத்துவிட்டது.)

3

பகல் சாப்பாட்டு நேரத்தில் அம்மா போனில் கோல் எடுத்தார்.

"கம்ப்யூட்டர் என்னா சொல்லுது புள்ள?"

"மிதமான மழைன்னு சொல்லுதும்மா."

"மிதமான மழைக்கா கணபதி அண்ணன் வீட்டோட மண்ணுக்குள்ள போனாரு?"

"அது சுத்து ஊரையெல்லாம் சேத்துக் கணக்குப் பாக்குதும்மா. பொய் சொல்லல. நம்ம மல அதுக்குத் தெரியல."

"ஒனக்குத் தெரியுமில்ல?"

கிருஷாந்தினி திரையில் இருந்த எண்ணைப் பார்த்தாள். பாவம், எண்ணை மாற்றினால் அது கள்ளத் தரவு. மாற்றாவிட்டால் அம்மா மறுபடியும் அந்த மலைக்குக் கீழே.

4

முடிவுகள்.

அ) எண்ணை மாற்றுகிறாள். (பிடிபடுவாள். பிறகு அவள் சொல்லும் எந்த மழையையும் யாரும் நம்பமாட்டார்கள்.)

ஆ) எண்ணை விட்டுவிட்டு, "இத்தரவு மலைப்பகுதிப் பெருமழையைக் குறைத்துக் காட்டக்கூடும்" என்று அடியில் ஒரு வரி சேர்க்கிறாள். (நேர்மைதான். அடிக்குறிப்பை யார் படிக்கிறார்கள்?)

இ) மண்டபத்தை விட்டு எழும்ப மாட்டேன் என்று அம்மா... (இதற்கு மேல் எழுத வரவில்லை.)

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். முதல் வரைவில் கணபதியோடு அவர் மனைவியும் மகளும் செத்துப்போனார்கள். இவ்வளவு சாவை வாசகர் தாங்கமாட்டார் என்று ஒருவராகக் குறைத்தேன். கணினியைத் திட்டிக்கொண்டே அதன் வேலையை நானும் செய்திருக்கிறேன். வெட்கமாக இருக்கிறது.

5

ஆகவே முடிவை நான் எழுதப்போவதில்லை. எழுதினால் அதையும் மிதமாக்கிவிடுவேன். கிருஷாந்தினி இன்னும் போனைக் காதில்தான் வைத்திருக்கிறாள்.

"நாளைக்கு எங்கள லயத்துக்கு ஏத்திக்கிட்டுப் போக லொறி வருதாம் புள்ள. சாமானக் கட்டவா, வேணாமா?"

போனை அவளிடமிருந்து வாங்கி உங்களிடம் தருகிறேன். பேசுங்கள். அம்மா லைனில் இருக்கிறார்.