கருவூலத்தில் முளைத்த அறைகள்

வருவாய் செலவை மிஞ்சிய ஆண்டுகளில் எல்லாம் மாநிலக் கருவூலத்தில் யாரும் கட்டாமலே ஓர் அறை கூடியது. இரும்புத்தாதின் விலை ஏறிய ஆண்டில் இரண்டாம் மாடி நடையின் கோடியில் முதல் அறை வந்தது. உள்ளே வெள்ளை விரிப்புப் போட்ட கட்டில்கள், சுவரில் பிராணவாயுக் குழாய், கை கழுவ ஒரு தொட்டி. மறு ஆண்டு அதன் பக்கத்தில் கரும்பலகையும் பெஞ்சுகளுமாக ஒரு வகுப்பறை. அதற்கப்புறம் தொடர்ந்து நல்ல காலம்தான். வார்டுக்கு மேல் வார்டாக வந்து, நடை தெருமுனை வரை நீண்டது. பொதுப்பணித்துறைப் பொறியாளர் சுவரைத் தட்டிப் பார்த்து, கட்டுமானம் திருப்தி என்று எழுதிவிட்டுப் போனார். அனுமதி இல்லாத அறையை யார் பெருக்குவது என்று மட்டும் தணிக்கைக்காரர்கள் கேட்டார்கள். செலவழிக்காத உபரி இப்படித்தான் தங்கும் போலிருக்கிறது என்று நிதித்துறை ஒருவழியாக முடிவுக்கு வந்தது. அறைகளைக் கையிருப்பு நிதியில் சேர்த்துப் பூட்டி, சாவிக்கொத்தை அந்தப் பிரிவின் அலுவலரான பெண்ணிடம் கொடுத்தது.

அவளுக்குப் பூட்டம்மா என்ற பெயர் தேர்தல் ஆண்டில் வந்தது. அப்போதைய அமைச்சர் கையிருப்பை மொத்தமாக எடுத்து எல்லோருக்கும் ஓராண்டு வரியைத் தள்ளுபடி செய்ய நினைத்தார். அதற்கு அவளுடைய கையெழுத்து வேண்டும். “ஐயா, தாது நல்லா விலை போகுது, கஜானா நிறைஞ்சிருக்கு. இப்பவே எடுத்துட்டா நாளைக்குக் கையை விரிச்சுக்கிட்டு நிக்கணும்,” என்று பேனாவை மூடி வைத்துவிட்டாள். “நீ என்ன ஆளா, பூட்டா?” என்று கத்திய அமைச்சர், அவளை எழுதுபொருள் கிடங்குக்குத் தூக்கியடித்தார். அவள் இடத்துக்கு வந்த அலுவலர் கையெழுத்துப் போடத் தயாராகத்தான் இருந்தார். ஆனால் அவர் கையில் எந்தச் சாவியும் திரும்பவில்லை. அரத்தால் அறுத்துப் பார்த்தார்கள், அரம் தேய்ந்தது. தேர்தலில் அமைச்சர் தோற்றுப்போனார். பூட்டம்மா தன் நாற்காலிக்குத் திரும்பி, முதல் வேலையாக அதன் ஆடும் காலுக்கு அட்டை மடித்து வைத்தாள்.

பிறகு தாதின் விலை விழுந்தது. சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடின, வரி வரத்து பாதியானது. அரசு முதலில் பெரிய மருத்துவமனையின் ஒரு பகுதியை மூடியது, அடுத்து நர்சுகளின் சம்பளத்தில் கை வைத்தது. பூட்டம்மாவின் தங்கை அங்கேதான் நர்ஸ். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அக்கா வீட்டுக்கு வந்தவள், செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசற்படியிலேயே நின்றாள். “ஒரு கட்டில்ல ரெண்டு பேரைப் போட்டிருக்கோம்க்கா. மூணாவது ஆளு தரையில. மூச்சு வாங்குறவங்களுக்குக் குழாய் பத்தலை. உன் ஆபீஸ்ல கட்டிலுக்கு வாரா வாரம் விரிப்பு மாத்துறாங்களாமே?” பூட்டம்மா உள்ளே வரச் சொன்னாள். தங்கை வரவில்லை.

திங்கட்கிழமை அவள் நிதித்துறைச் செயலாளரின் அறைக்குப் போய், வரத்து குறையும் காலத்துக்கென்றே சேர்த்த நிதி இது, இப்போது எடுக்கலாம் என்றாள். செயலாளர் கெட்ட மனிதர் இல்லை, பயந்த மனிதர். “கடன் கொடுக்கிறவங்க புதன்கிழமை பாக்க வர்றாங்கம்மா. அதுவரைக்கும் அறை எல்லாம் நிறைவா, காலியா இருக்கணும்.”

“நிறைவாவா, காலியாவா சார்?”

“ரெண்டும்தான். சட்டத்துல எடுக்கலாம்னுதான் இருக்கு, எடுக்கணும்னு இல்ல.”

“எடுக்கக்கூடாதுன்னும் இல்லையே.”

புதன்கிழமை காலை அலுவலகம் திறந்ததும் அவள் நடையின் ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை எல்லாப் பூட்டுகளையும் திறந்தாள். தங்கை வண்டி வண்டியாக நோயாளிகளைக் கொண்டுவந்தாள். மின்தூக்கி பழுது என்பதால் ஓய்வூதியப் பிரிவு எழுத்தர்கள் சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு ஸ்ட்ரெச்சர் தூக்கினார்கள். செயலாளர் போலீசோடு வந்தபோது பூட்டம்மா நாற்காலியை நடையின் குறுக்கே போட்டு உட்கார்ந்திருந்தாள். அவர் அங்கேயே அவளை சஸ்பெண்ட் செய்தார். அவள் உத்தரவை வாங்கி மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள், எழுந்திருக்கவில்லை. போலீஸ்காரர்களில் ஒருவர் உள்ளே தன் மாமனாரைப் பார்த்துவிட்டு, தொப்பியைக் கழற்றிக்கொண்டு அவரிடம் போய்விட்டார். கடன் கொடுக்கிறவர்கள் வந்து, கட்டில்களுக்கு நடுவே மெல்ல நடந்து பார்த்துவிட்டு, வட்டியைக் கால் சதவீதம் கூட்டிக் கடன் கொடுத்தார்கள்.

குணமானவர்கள் வீட்டுக்குப் போகத் தொடங்கியதும் அறைகள் குறைந்தன. ஒருவர் படியிறங்கினால் அவர் படுத்திருந்த கட்டில் இல்லாமல் போனது. கட்டில்கள் தீர்ந்த அறை சுவரோடு சுவராகச் சேர்ந்துகொண்டது. செயலாளர் தினமும் வந்து நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார். “கரையுதும்மா! கண்ணு முன்னால கரையுது!”

“கரையத்தான் சார் சேர்த்தோம்,” என்றாள் பூட்டம்மா.

விசாரணைக் குழு அவளை மூன்று பேருக்கு எதிரே உட்காரவைத்து, வருத்தம் தெரிவித்தால் போதும், வேலை திரும்பக் கிடைக்கும் என்றது. தேர்தல் ஆண்டில் கையெழுத்துப் போடாததற்கும் வருத்தமில்லை, இப்போது திறந்ததற்கும் வருத்தமில்லை, இரண்டும் ஒரே வேலைதான் என்றாள் அவள். வேலை போனது. தங்கை அன்று செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, அக்காவுக்குத் தலை வாரிவிட்டாள்.

குளிர்காலம் முடிவதற்குள் ஒரே ஓர் அறை மிஞ்சியது. அதில் நுரையீரல் கெட்டுப்போன சுரங்கத் தொழிலாளி ஒருவர் படுத்திருந்தார். அவருக்குக் குணமாகவில்லை, ஆகாது என்று மருத்துவர்கள் சொல்லிவிட்டார்கள். எதிர்க் கட்டடத்தில் சட்டமன்றம் கூடியது. புதிய அமைச்சர் வரவுசெலவுத் திட்டத்தை வாசிக்கையில், கையிருப்பு நிதி என்ற தலைப்பின் கீழ், கட்டில் ஒன்று, சன்னல் ஒன்று, நோயாளி ஒருவர் என்று படித்துவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டினார். விவாதம் எதுவும் இல்லை. உறுப்பினர்கள் மேசையைத் தட்டி நிறைவேற்றினார்கள். சுரங்கத் தொழிலாளி சத்தம் அதிகமாக இருக்கிறது என்றார். பக்கத்தில் அவருக்குக் கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்த பூட்டம்மா எழுந்து சன்னலைச் சாத்தினாள்.