கயிற்றுக்கு வெளியே நெஸ்போலிகள்

பொலோஞாவிலிருந்து வந்த பேருந்து சான் வித்தோரே சதுக்கத்தில் நிற்பதற்குள்ளேயே ஜெலிந்தா நெஸ்போலி படியிலிருந்து குதித்துவிட்டாள். ஓட்டுநர் திட்டியது காதில் விழவில்லை. ஒரு பழுப்பு உறையை மார்போடு அணைத்துக்கொண்டு, நாற்பத்தாறு வயதையும் மறந்து ஓடினாள். பதினோரு மணிக்குக் குலுக்கல். கோயில் கடிகாரம் பத்தே முக்கால் காட்டியது.

சான் வித்தோரேயில் வயல் தனியார் யாருக்கும் சொந்தமில்லை, ஊருக்குச் சொந்தம். பதினெட்டு வருஷத்துக்கு ஒருமுறை சீட்டுக் குலுக்கித் துண்டு துண்டாகப் பிரித்துக்கொள்வார்கள். எந்தக் காலத்திலோ சதுப்பை வெட்டித் திருத்திய ஒன்பது குடும்பங்களின் பெயர் பதிவேட்டில் இருக்கிறது. தகப்பன் வழியில் அந்த ரத்தம் என்றால், ஆணோ பெண்ணோ, கயிற்றுக்கு உள்ளே நிற்கலாம். மற்றவர்கள் வெளியே நின்று வேடிக்கை பார்க்கலாம். நெஸ்போலிகள் நாலு தலைமுறையாக வேடிக்கை பார்த்தவர்கள்.

வாய்க்கால் ஓரத் துண்டில் பதினெட்டு வருஷமாக முலாம்பழம் போட்டு வயிறு கழுவியவள் ஜெலிந்தா. போன குலுக்கலில் அந்தத் துண்டு ஒன்பது குடும்பத்து ஒலிந்தோ கரெத்திக்கு விழுந்தது. அவள் குத்தகைக்காரி. போன மாதம் ஒலிந்தோ வேலியில் சாய்ந்துகொண்டு குண்டைத் தூக்கிப் போட்டார்.

"ஏம்மா நெஸ்போலி, இந்தத் தடவை எனக்கு எந்தத் துண்டு விழுந்தாலும் மருமகனுக்குத்தான். நீ வேற எடம் பாத்துக்க."

"பதினெட்டு வருஷமா என் முதுகு ஒடிஞ்ச மண்ணுய்யா இது!"

"முதுகு உன்னுது. மண்ணு கரெத்தியோடது. உன் பேரு எங்கேர்ந்து வந்துச்சுன்னாவது தெரியுமா உனக்கு?"

சுருக்கென்று தைத்தது. தெரியாதுதான். அன்றைக்கே ஊர் அலுவலகத்துக்குப் போய்க் கொள்ளுத்தாத்தாவின் பதிவைப் பார்த்தாள். 'பெற்றோர் யாரென்று தெரியாது. நகரத்துக் குழந்தைகள் இல்லத்திலிருந்து வந்தவன்.' இல்லத்துக்குக் கடிதம் மேல் கடிதம் போட்டாள். நாலாவது கடிதத்துக்குத்தான், நேரில் வரலாம் என்று பதில் வந்தது.

நேற்றுப் பிற்பகல் அந்த இல்லத்து ஆவணக் காப்பாளர், மூக்குக் கண்ணாடி போட்ட ஒல்லியான பெண், ஒரு தடிப் புத்தகத்தைப் புரட்டி விரலை வைத்தாள்.

"குழந்தைங்களுக்குப் பேர் வெச்சது எங்க எழுத்தர்தான். அந்த வாரம் அவருக்குப் பழ ஆசை போல. முந்தின குழந்தை செர்ரி. உங்க ஆளு நெஸ்போலா. அடுத்தது முலாம்பழம்."

ஜெலிந்தாவுக்குச் சிரிப்பு பீறிட்டது. "அட கடவுளே, ஒரு நாள் தாமதமா கொண்டாந்து விட்டிருந்தா நானே முலாம்பழம்!"

வைக்கோலில் மாதக்கணக்கில் கிடந்தால்தான் பழுக்கும் அந்தப் புளிப்புக் காய்தான் அவள் குலப்பெருமை. சிரித்து முடிப்பதற்குள் காப்பாளர் பெட்டியிலிருந்து ஒரு காகிதத்தையும் ஒரு பித்தளைத் துண்டையும் எடுத்து வைத்தாள். மாதாவின் பதக்கம், பாதிதான் இருந்தது. கத்தரித்த ஓரம் ரம்பம்போல வளைந்து வளைந்து போயிற்று. காகிதத்தில் எழுதியிருந்தது: 'முறைப்படி கல்யாணமானவர்களின் பிள்ளை. தகப்பன் சான் வித்தோரேயின் ஒன்பது குடும்பத்தில் ஒருவன். வீட்டில் ரொட்டி இல்லை. ரொட்டி வந்ததும் மறுபாதியோடு வந்து பிள்ளையை மீட்டுக்கொள்வோம்.'

"வரலையா?" என்று கேட்டாள் ஜெலிந்தா.

"வந்ததா பதிவு இல்ல. உங்க ஊர்லயே ஒரு குடியானவன் வீட்டுக்குத்தான் வளக்கக் குடுத்திருக்காங்க. ஆனா இல்லத்துல வெச்ச பேரு பெத்தவங்களுக்கு எப்படித் தெரியும்?"

ஜெலிந்தா பித்தளைத் துண்டைக் கையில் எடுத்துப் பார்த்தாள். மறுபாதியை அவள் பார்த்திருக்கிறாள்! ஊரே பார்த்திருக்கிறது! திருவிழாவோ குலுக்கலோ, விசேஷ நாளென்றால் ஒலிந்தோ கரெத்தி அதைக் கோட்டில் குத்திக்கொண்டுதான் வருவார். "எங்க பாட்டனுக்கு அப்பன் நெஞ்சுல ஆஸ்திரியாக்காரன் வாள் எறங்குச்சு, பதக்கம் ரெண்டாப் போச்சு, ஆளு பொழச்சாரு!" ஊரே வாயைப் பிளந்து கேட்கும்.

கடைசிப் பேருந்து போய்விட்டதால் சத்திரத்தில் பொட்டுத் தூக்கமில்லாமல் புரண்டுவிட்டு, காலையில் முதல் வண்டியைப் பிடித்தாள்.

சதுக்கத்தில் கயிறு கட்டியாயிற்று. மேசைமேல் சீட்டுப் பை, பதிவேடு. செயலாளர் தெபால்தி கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். முன்வரிசையில் ஒலிந்தோ, கோட்டில் பதக்கம் மின்ன. பக்கத்தில் அவர் மனைவி ஆர்ஜியா.

"நிறுத்துங்க!" ஜெலிந்தாவின் குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. "நான் கரெத்தி ரத்தம். எனக்கும் சீட்டுப் போடுங்க!"

சதுக்கமே சிரித்தது. "வெயில் தலைக்கேறிடுச்சு" என்றார் ஒலிந்தோ.

அவள் கயிற்றுக்கு மேலே கையை நீட்டி உறையைக் கொடுத்தாள். தெபால்தி அதிலிருந்த, பெற்றோர் எழுதிய காகிதத்தின் நகலை உரக்கப் படித்தார். சிரிப்பு அடங்கியது. இல்லத்தின் முத்திரையிட்ட இன்னொரு தாளை மேசையில் விரித்தார். பித்தளைத் துண்டின் படம், அசல் அளவில்.

"ஒலிந்தோ, பதக்கத்தைக் கழட்டு."

"எங்க பாட்டனுக்கு அப்பன் போர்வீரன்யா!"

"கழட்டு, பாப்போம்."

ஒலிந்தோ பதக்கத்தைக் கழற்றினார். துண்டைப் படத்தின் ஓரத்தில் வைத்தார். ஒரு வளைவு பொருந்தியது, அடுத்தது, அதற்கடுத்தது. பதக்கம் முழுசானது. கூட்டம் ஹோவென்று கத்தியது. யாரோ தொப்பியை வானத்தில் எறிந்தார்கள்.

"வாளாம், ஆஸ்திரியாக்காரனாம்!" ஆர்ஜியா இடுப்பில் கை வைத்தாள். "முப்பத்தஞ்சு வருஷமா தகரக் கத்தரியால வெட்டுன இந்தச் சில்லையா நான் தேச்சுத் தேச்சு மினுக்கினேன்?"

தெபால்தி கையைத் தூக்கினார். "பொருந்துனா மட்டும் போதாது. அந்தப் பேர்ல மூத்தவன், இது எங்க ரத்தம்னு சபையில சொல்லணும். விதி அது. ஒலிந்தோ?"

அவர் ஒரு சொல் மறுத்தால் போதும், ஜெலிந்தா கயிற்றுக்கு வெளியேதான். ஒலிந்தோ பதக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்தப் பக்கம் ஏன் இப்படித் தேஞ்சுபோச்சு?" என்றார் மெதுவாக. படத்திலிருந்த பாதியில் மாதாவின் கண் இமைகூடத் தெரிந்தது. அவர் பாதியில் முகம் வழவழவென்று, ஒன்றுமில்லை. "நீ தேச்சுத்தானே, ஆர்ஜியா?"

"நான் வாக்கப்பட்டு வந்தப்பவே இப்படித்தான் இருந்துச்சு. உங்கம்மாவும் அதையேதான் சொன்னாங்க."

யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. பிள்ளை அதே ஊரில், அதே கோயிலில், வேறு பெயரோடு எதிரே நடந்துபோயிருக்கிறான். வீட்டில் அவனைப் பெற்றவள் கட்டைவிரலால் இந்தப் பித்தளையைத் தேய்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள். ஒலிந்தோ கோட்டுக் கையால் மூக்கைத் துடைத்தார். பிறகு குனிந்து தானே கயிற்றைத் தூக்கிப் பிடித்தார்.

"எங்க ரத்தந்தான். உள்ள வா, தங்கச்சி."

ஜெலிந்தா அழுதுகொண்டே சிரித்தாள். தெபால்தி பேனாவைத் திறந்தார். "பதிவேட்டுல நாப்பத்தொரு கரெத்தி வீடு இருக்கு. ஒவ்வொண்ணுக்கும் ஒரு பட்டப்பேர் உண்டு. கரெத்தி தவளை, கரெத்தி மூணுவிரல். உன் வீட்டுக்கு என்ன போட?"

"நெஸ்போலி!" சதுக்கத்துக் கோடிவரை கேட்கட்டும் என்றே கத்தினாள். "கரெத்தி நெஸ்போலின்னு போடுங்க! நாலு தலைமுறையா வெளிய நின்ன எங்க ஆளுங்க எல்லாரும் உள்ள வரட்டும்!"

"நாளும் வைக்கோலும் இருந்தா நெஸ்போலாவும் பழுக்கும்னு சும்மாவா சொன்னாங்க" என்றாள் ஆர்ஜியா.

சீட்டுப் பை குலுங்கியது. ஒலிந்தோ பதக்கத்தை மறுபடி கோட்டில் குத்தப் போனவர், நிறுத்தி, ஜெலிந்தாவின் கையில் வைத்தார். முதல் சீட்டைப் படிக்கும் வரைக்கும் அவள் அதை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தாள். கட்டைவிரல் தானாகவே அந்தத் தேய்ந்த இடத்துக்குப் போய்விட்டிருந்தது.