தேர்தலுக்குப் போன முகம்

கெல்டன் நகரத்து ரொட்டித் தொழிற்சாலையில் வேலை பார்த்த எமெரி ஸ்டுப்காவின் முகம், செப்டம்பர் மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை அவனை விட்டுப் போய்விட்டது. சவரம் செய்யக் கண்ணாடி முன் நின்றவன், நெற்றியிலிருந்து தாடை வரை ஓடு உரித்த முட்டை போல வழவழவென்று இருப்பதைப் பார்த்தான். கண் இல்லாமலே பார்வை இருந்தது. வாய் இல்லாமலே பேச்சு வந்தது, போர்வைக்குள்ளிருந்து பேசுகிறவன் குரல் மாதிரி. காப்பியும் எப்படியோ உள்ளே இறங்கியது. முகம் எங்கே போயிற்று என்று தேட வேண்டியிருக்கவில்லை. மார்க்கெட் தெருப் பாலத்தருகே இருக்கும் விளம்பரப் பலகையில், அன்று விடிந்ததும் அதை இரண்டு மாடி உயரத்துக்கு ஏற்றிக் கட்டியிருந்தார்கள். கீழே சிவப்பு எழுத்தில், ‘இவனை வெளியே விட்டவர் நீதிபதி ஹாஸ்கெல்’ என்று போட்டிருந்தது.

எமெரி அதற்கு முந்தைய வருடம் வரை ரொட்டி வண்டி ஓட்டிக்கொண்டிருந்தான். மனைவி அரிசோனாவுக்கு ஒருவனோடு போய்விட்டதால், ஏழு வயது மகள் டெஸ்ஸைத் தனியாக வளர்த்தான். இரண்டு ஷிஃப்ட் சேர்த்துப் பார்த்த ஒரு நாள் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே தூங்கிவிட்டான். வண்டி நடைபாதையில் ஏறி, பேருந்துக்குக் காத்திருந்த ஒடெல் ப்ரீஸ் என்ற அம்மாளின் இடுப்பை முறித்தது. அந்த அம்மாள் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். தீர்ப்பு நாளில் நடைவண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து, நீதிபதி ரோவீனா ஹாஸ்கெலைப் பார்த்து, “ஜட்ஜம்மா, இந்தப் பையனை உள்ள போட்டா என் இடுப்பு சேந்துடப் போறதில்ல. அந்தச் சின்னப் பொண்ணுக்கு யாரு தலை வாரி விடுவா?” என்று கேட்டார். ஹாஸ்கெல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சிறை வேண்டாம், மாதம் ஒருமுறை நன்னடத்தை அதிகாரி முன் நேரில் வந்து நின்றால் போதும் என்று தீர்ப்பு சொன்னார். அதற்குப் பிறகு எமெரிக்குத் தொழிற்சாலைக்குள்ளே அடுப்பு வேலை கொடுத்தார்கள். வெள்ளிக்கிழமை தோறும் அவன் ஒடெல் அம்மாள் வீட்டுக்குச் சூடான ரொட்டி கொண்டுபோய்க் கொடுத்தான். அவர் டெஸ்ஸுக்கு ஆப்பிள் பை என்ற இனிப்புப் பலகாரம் சுட்டு அனுப்புவார்.

இப்படியே போயிருக்கும். ஆனால் ஹாஸ்கெலின் ஆறு வருடப் பதவிக்காலம் அந்த நவம்பரில் முடிந்தது. அரசு வழக்கறிஞர் ட்ரென்ட் மகோவெக் அவரை எதிர்த்து நின்றார். கெல்டனில் நீதிபதிகளையும் ஓட்டுப் போட்டுத்தான் தேர்ந்தெடுப்பார்கள், ஆனால் அந்தத் தேர்தலை யாரும் கவனிப்பதில்லை. ஷெரீஃபுக்கும் மேயருக்கும் ஓட்டுப் போட்டு முடித்தவர்கள், ஓட்டுச்சீட்டின் அடியில் கிடக்கும் நீதிபதிகளில் எந்தப் பெயர் காதுக்குப் பழக்கமோ அதற்குப் போட்டுவிட்டுப் போவார்கள். கவனிக்க வைக்க ஒரு முகம் வேண்டும் என்று மகோவெக் கண்டுபிடித்தார். கைது செய்த அன்று, மூன்று நாள் தாடியோடும் வீங்கிய கண்ணோடும் எமெரியை எடுத்த படம் அவருடைய அலுவலகத்திலேயே இருந்தது.

எமெரி அவரைப் போய்ப் பார்த்தான். மகோவெக் கெட்டவர் இல்லை. உட்காரச் சொன்னார், காப்பி கொடுத்தார், உறிஞ்சுகுழல் ஒன்றையும் தேடி எடுத்துக் கொடுத்தார்.

“போலீஸ் எடுத்த படம், ஸ்டுப்கா. பொதுச் சொத்து. யார் வேணா போட்டுக்கலாம்” என்றார்.

“படத்தை நீங்களே வெச்சுக்கங்க சார். முகம்தான் வேணும். பொண்ணு கிட்ட வரவே மாட்டேங்குது.”

“நவம்பர் முடியட்டும். நானே இறக்கித் தர்றேன். சத்தியமா. இப்ப எடுத்தா கருத்துக்கணிப்புல நாலு பாயிண்ட் இறங்கிடும்.”

வாசல் வரை வந்து தோளில் தட்டிக் கொடுத்து அனுப்பினார்.

அக்டோபரில் அந்த முகம் புல்வெளிகளில் குத்திய தட்டிகளில் வந்தது, தபால் பெட்டிகளில் வந்தது, கால்பந்து ஆட்டத்தின் ஒவ்வொரு இடைவேளையிலும் தொலைக்காட்சியில் வந்தது. தொழிற்சாலை முதலாளி எமெரியைத் தனியே அழைத்து, முகத்தோடு வந்தால் வாடிக்கையாளர் பயப்படுவார்கள், முகமில்லாமல் வந்தால் சுகாதாரத் துறை கேள்வி கேட்கும், தான் என்ன செய்ய முடியும் என்று வருத்தத்தோடு வேலையிலிருந்து நிறுத்தினார். டெஸ் பள்ளிப் பேருந்தின் இடப்பக்க ஜன்னலிலேயே உட்கார ஆரம்பித்தாள். பாலம் வரும்போது பிள்ளைகள், “உங்கப்பன் முறைக்கிறான் பாரு” என்று சீண்டுவார்கள். அவள் பலகையைப் பார்த்துக் கையசைப்பாள். வீட்டில் தகப்பன் தலை வாரிவிட வந்தால் கண்ணை இறுக மூடிக்கொள்வாள். எமெரியின் அக்கா ஜோலீன், பிள்ளை கொஞ்ச நாள் தன்னோடு இருக்கட்டும் என்று அழைத்துப் போனாள்.

ஒடெல் அம்மாளுக்குத் துணை தொலைக்காட்சிதான். முதல் வாரம் அந்த விளம்பரம் வந்தபோது, “பொய் சொல்றானுங்க” என்று திட்டினார். இரண்டாவது வாரம் திட்டவில்லை. மூன்றாவது வாரம், அன்று வண்டி தன்னை நோக்கித் திரும்பிய விதத்தை யோசிக்கத் தொடங்கினார். நான்காவது வாரத்தில் அதை ஓட்டியவன் தன்னைப் பார்த்துச் சிரித்தது அவருக்குத் தெளிவாக நினைவு வந்துவிட்டது. அந்த வெள்ளிக்கிழமை எமெரி கொண்டுவந்த ரொட்டி, கதவுக்கு வெளியே படியிலேயே கிடந்து காய்ந்தது.

நீதிபதி ஹாஸ்கெலும் செய்தித்தாள் படித்தார். இருபது வருடம் வக்கீலாக இருந்து, கெஞ்சிக் கேட்டு, சர்ச் விருந்துகளில் மீன் வறுவல் பரிமாறி வாங்கிய நாற்காலி அது. தேர்தலுக்குப் பதினைந்து நாள் இருக்கும்போது நன்னடத்தை அதிகாரியிடமிருந்து ஒரு புகார் வந்தது. இம்மாதம் எமெரி ஸ்டுப்கா என்று சொல்லிக்கொண்டு வந்து நின்ற ஆளை அவன்தான் என்று உறுதி செய்ய முடியவில்லை, ஆகவே அவன் நேரில் வந்ததாகக் கொள்ள முடியாது என்பது புகார். சட்டப்படி அதில் தவறு இல்லை. ஹாஸ்கெல் மறுநாளே விசாரணைக்கு எடுத்தார். மூன்று தொலைக்காட்சி நிலையங்கள் வந்திருந்தன.

எமெரி சட்டையை இஸ்திரி போட்டு அணிந்து வந்திருந்தான். தன் பெயரைச் சொன்னான், பிறந்த தேதியைச் சொன்னான், டெஸ்ஸின் காலணி அளவைக்கூடச் சொன்னான். அடையாளம் காட்ட ஒடெல் ப்ரீஸ் அழைக்கப்பட்டார். நடைவண்டியை அவன் எதிரே நிறுத்தி வெகுநேரம் பார்த்தார்.

“அம்மா, நான்தாம்மா. குரல் தெரியலையா? வெள்ளிக்கிழமை ரொட்டி கொண்டாருவேனே” என்றான் அவன்.

ஒடெல் அம்மாள் நீதிபதியின் பக்கம் திரும்பினார். “நான் மன்னிச்சது ஒரு முகத்தை, ஜட்ஜம்மா. அந்த முகம் இப்படிப்பட்டதுன்னு அப்பத் தெரியல. இந்த ஆளை எனக்குத் தெரியாது.”

ஹாஸ்கெல் நான்கு வருடம் கொடுத்தார். தீர்ப்பைப் படித்து முடித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார், பழக்கம்தான். எதிரே அழுகையோ கோபமோ எதுவும் இல்லை. பார்க்க முகமில்லாதவனுக்குத் தண்டனை சொல்வது இத்தனை சுலபம் என்று யாரும் தனக்குச் சொல்லவில்லையே என்று சாயங்காலம் கணவரிடம் ஆச்சரியப்பட்டார். மறுநாள் அவருடைய தட்டிகளும் நகரெங்கும் முளைத்தன. அவற்றிலும் எமெரியின் முகம்தான். ‘இவனை உள்ளே தள்ளியவர் ஹாஸ்கெல்’ என்று போட்டிருந்தது. சொற்ப வித்தியாசத்தில் ஜெயித்தார்.

தோற்றாலும் மகோவெக் சொன்ன வாக்கைக் காப்பாற்றினார். பலகையிலிருந்து முகத்தை இறக்கிச் சுருட்டி, லாரியில் சிறைக்கு அனுப்பினார். கைதிக்கு வரும் பொருள் இந்த அளவுக்கு மேல் இருக்கக் கூடாது என்று திருப்பிவிட்டார்கள். அது ஜோலீன் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. தண்ணீர் புகாத, நல்ல கெட்டியான வினைல் விரிப்பு அது. அந்தக் குளிர்காலத்தில் ஜோலீனின் கூரை ஒழுகியது. ஒரு மாதம் பொறுத்துப் பார்த்தாள். பிறகு பக்கத்து வீட்டுக்காரரை ஏணியோடு கூப்பிட்டு, முகத்தைக் கூரை மேல் விரித்து ஆணி அடித்தாள். அதற்குக் கீழே இருந்த அறை டெஸ்ஸுடையது. வீட்டிலேயே அதுதான் கதகதப்பான அறையாக இருந்தது. பனி பெய்தால் கூரையில் மற்ற இடமெல்லாம் மூடியிருக்கும், வாய் இருக்கும் இடத்தில் மட்டும் உருகிவிடும். ஆணி அடித்த அன்று சிறையில் எமெரி காரணம் தெரியாமல் நாள் முழுக்கக் கத்தினான் என்றும், மருத்துவர் வந்து பார்த்துவிட்டுத் தலைவலி மாத்திரை கொடுத்தார் என்றும் பிற்பாடு தெரியவந்தது.

நான்கு வருடம் கழித்து எமெரி வந்தபோது டெஸ்ஸுக்குப் பன்னிரண்டு வயது. முற்றத்தில் நின்று கூரையைப் பார்த்தான். முகத்துக்கு நரை கண்டிருந்தது, கன்னம் வெயிலில் வெடித்திருந்தது. ஜோலீன் கையைப் பிசைந்துகொண்டு, “வேணும்னா கழட்டிடலாம் எமெரி. ஆனா மழைக்காலம் வருது” என்றாள்.

டெஸ் படியில் உட்கார்ந்திருந்தாள். “கழட்டாதீங்க. எனக்கு அப்பா அங்கதான் இருக்காரு” என்றாள், அவனைப் பார்க்காமல்.

எமெரியே ஏணி போட்டு ஏறி, காற்றில் தளர்ந்திருந்த காதோரத்து ஆணிகளைச் சுத்தியால் அடித்து இறுக்கினான். ஒவ்வோர் அடிக்கும் அவன் தோள் குலுங்கியதை ஜோலீன் பார்த்தாள். அவள் உள்ளே போய் உருளைக்கிழங்கு வேகவைக்க ஆரம்பித்தாள்.

மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் அவனுக்கு வேலை கிடைத்தது. ஓட்டுநர் உரிமமும் திரும்பக் கிடைத்தது. அதில் படம் இருக்க வேண்டிய இடத்தில் வழவழப்பான ஒரு வெளிர் வட்டம் இருந்தது. அடுத்த நீதிபதி தேர்தல் வந்த நவம்பரில் அவன் வாக்குச்சாவடி வைத்திருந்த தீயணைப்பு நிலையத்துக்கு ஓட்டுப் போடப் போனான். மேசையில் இருந்த பெண் உரிமத்தைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள், மறுபடி உரிமத்தைப் பார்த்தாள். “ஒத்துப்போகுது” என்று சீட்டைக் கொடுத்தாள். அந்த முறை ஹாஸ்கெலை எதிர்த்து யாரும் நிற்கவில்லை. சீட்டின் அடியில் அவர் பெயர் ஒன்று மட்டும் இருந்தது. எமெரி பேனாவை எடுத்துப் பக்கத்திலிருந்த கட்டத்தைக் கவனமாக நிரப்பிவிட்டு, ஷிஃப்டுக்கு நேரமாகிவிட்டதென்று கிளம்பினான்.