மாலை போட்ட படம்

இளநீரில் நனைத்த பஞ்சைத் தாரணி அப்பாவின் உதட்டில் ஒற்றிக்கொண்டிருந்தபோது வாசலில் ஓர் ஆட்டோ வந்து நின்றது. மஞ்சுநாத் இறங்கினார். ஹெப்பாள் தொழிற்சாலையில் அப்பாவோடு ஒரே ஷிஃப்டில் வேலை பார்த்தவர். அவர் கையில் தடித்த ரோஜா மாலை ஒன்று இருந்தது.

ஜன்னல் வழியே பார்த்த தாரணிக்கு ஒன்றும் புரியவில்லை. மஞ்சுநாத்துக்கும் புரியவில்லை போலிருக்கிறது. பந்தலைத் தேடினார், கூட்டத்தைத் தேடினார். இரண்டும் இல்லாத வீட்டின் கேட்டைப் பிடித்தபடி திகைத்து நின்றார்.

"ஆரு கண்ணு வந்திருக்கறது?" என்று கட்டிலில் இருந்து கந்தசாமி கேட்டார்.

இழுத்து இழுத்து வந்த குரல்தான். ஆனாலும் அது வாசல்வரை போனது. மஞ்சுநாத்தின் கையிலிருந்த மாலை நழுவிக் காலடியில் விழுந்தது.

எதிர்வீட்டில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த லிங்கம்மா ஒரே பார்வையில் விஷயத்தைப் பிடித்துவிட்டாள். அவள் கன்னடத்துக்காரி, தமிழைப் பாதி வழியில் கற்றவள். தெருவைத் தாண்டி வந்து மாலையை எடுத்துச் சேலைத் தலைப்பில் சுற்றிக்கொண்டாள்.

"பூ என் மனேல இருக்கட்டும். நீங்க சும்னே உள்ள போங்கண்ணா. போய் அவர் கைய பிடிங்க."

மஞ்சுநாத் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தார். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"என்ன குரு, இன்னும் படுத்தே கெடக்கறே?"

"ரெண்டாம் ஷிஃப்டுக்கு நீ போலயா?" என்றார் கந்தசாமி.

இருவரும் ஓய்வு பெற்று எத்தனையோ காலமாகிவிட்டது. மஞ்சுநாத் தாரணியை ஒரு தரம் பார்த்தார். பிறகு அந்தக் கையை இரு கைகளாலும் பொத்திக்கொண்டு, "இன்னும் பஸ் வரல. வந்ததும் போலாம்" என்றார்.

தாரணி சமையலறைக்குப் போய்ப் போனை எடுத்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து அப்பாவை வீட்டுக்கு அழைத்து வந்தது நேற்று. இன்று காலை குடும்பக் குழுவில் ஒரு படம் போட்டிருந்தாள். அப்பா சிரித்தபடி இருக்கும் படம் அவளிடம் ஒன்றே ஒன்றுதான் உண்டு. மாதேஸ்வரன் மலையில் நடந்த அறுபதாம் கல்யாணத்தில் எடுத்தது. அம்மாவும் அப்பாவும் மாலையும் கழுத்துமாக நிற்பார்கள். அம்மா போய்ச் சேர்ந்த பிறகு அந்தப் படத்தை முழுதாகப் பார்க்க முடியாமல், அப்பாவை மட்டும் வெட்டி எடுத்து வைத்திருந்தாள். ஓரத்தில் அம்மாவின் பட்டுச்சேலைத் தோள் கொஞ்சம் மிச்சமிருந்தது.

அந்தப் படத்தின் கீழே, 'அப்பாவை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டோம்' என்று ஆரம்பித்து எழுதியிருந்தாள். இனிமேல் வைத்தியம் இல்லை என்று டாக்டர் சொன்னதையும், நினைவு தெளிவாக இருப்பதையும், எல்லோரும் வேண்டிக்கொள்ள வேண்டும் என்பதையும் அடுத்தடுத்து எழுதிக் கடைசியில் கும்பிடும் கைகள் இரண்டை வைத்திருந்தாள். முதல் வரிக்குப் பிறகு, 'மேலும் படிக்க' என்று போன் மிச்சத்தை மடித்து வைத்துவிட்டது. அதை விரித்துப் பார்த்தவர் ஒருவரும் இல்லை.

மாலை போட்ட ஒற்றை ஆள். கும்பிடும் கை. அத்தை மகன் கவின்ராஜ்தான் முதலில் 'ஓம் சாந்தி' போட்டிருந்தான். அவனுக்கு அடுத்தவர் அவனைப் பார்த்துப் போட்டார். அவருக்கு அடுத்தவர் அவரைப் பார்த்தார். யாரோ படத்துக்கு ஆடும் அகல்விளக்கு ஒன்றைச் சேர்த்துவிட்டார்கள். யாரோ சோகமான புல்லாங்குழலைச் சேர்த்தார்கள். அது பழைய தொழிலாளர்கள் குழுவுக்கும் தாவியிருந்தது.

'அப்பா உயிரோடு இருக்கிறார்' என்று தட்டி அனுப்பினாள். நொடியில் அதற்குக் கீழே இன்னொரு 'ஓம் சாந்தி' வந்து விழுந்தது.

அவளுக்குக் கோபம் வரவில்லை. கம்பெனி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து அவளே எத்தனை படங்களுக்கு இப்படிக் கும்பிடு போட்டிருக்கிறாள்! ஒரு நகைச்சுவைக்கும் ஒரு சமையல் குறிப்புக்கும் நடுவில், யார் எவர் என்று முகம்கூடப் பார்க்காமல். கட்டைவிரல் பாட்டுக்கு ஓடும். நெஞ்சு பின்னால் மூச்சு வாங்கி வரும், வராமலும் போகும்.

மாலையை வைத்துவிட்டுச் சமையலறைக்கு வந்த லிங்கம்மாவிடம் போனைக் காட்டினாள். "ஐயோ, நானே எங்கப்பாவுக்கு மாலை போட்டுட்டேன் லிங்கம்மாக்கா."

"அழ பேடா. மாலை போட்டா ஆயுசு கம்மி ஆகுமா? கல்யாணத்துக்கும் மாலைதான் போடறாங்க." லிங்கம்மா அவள் தோளைத் தட்டினாள். "நீ உள்ள இரு. நான் தெருவ பாத்துக்கறேன்."

சொன்னபடி முக்காலி ஒன்றைப் போட்டுத் தன் வாசலில் உட்கார்ந்துவிட்டாள். சாமராஜநகரிலிருந்து வந்தவர்கள், விஜயநகரிலிருந்து காரில் வந்தவர்கள் என ஒவ்வொருவரையும் நிறுத்தினாள். மாலையை வாங்கி வைத்தாள். மோர் கொடுத்தாள். முகம் கழுவச் சொன்னாள். பிறகுதான் உள்ளே அனுப்பினாள். அவர்களும் சின்னக் குழந்தைகள்போல அவள் சொன்னபடி கேட்டார்கள். அழ வந்தவர்கள் மெல்ல நடந்துவந்து கட்டிலைச் சுற்றி உட்கார்ந்தார்கள். கொடியில் கிடந்த துண்டு மட்டும் மின்விசிறிக் காற்றில் அசைந்தது.

கந்தசாமி ஒவ்வொரு முகமாகப் பார்த்துச் சிரித்தார். "என்ன, எல்லாரும் ஒண்ணா வந்துட்டீங்க? மலையில தேரா?"

"ஆமாங்க மாமா" என்றான் யாரோ ஒருவன்.

ஆனால் அவர் பார்வை திரும்பத் திரும்ப வாசலுக்கே போனது. யாருக்காக என்று தாரணிக்குத் தெரியும்.

அப்பாவின் ஒரே தங்கை மாரக்காள், ஹனூர்ப் பக்கம் இருப்பவள். அவள் மகள் ஜீவிதாவின் கல்யாணத்துக்கு ஊருக்கெல்லாம் போனில் பத்திரிகை அனுப்பியதுபோல அண்ணனுக்கும் அனுப்பிவிட்டாள். அப்பா அதைப் பார்த்துவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தார். 'தாய்மாமனுக்கு வெத்தலை பாக்கு வெக்கோணும். அது இல்லாம எந்த மூஞ்சிய வெச்சுட்டுப் போறது?' என்றார். குழுவிலிருந்தும் விலகிவிட்டார். கல்யாணத்துக்குப் போகவில்லை. நாலு வருஷமாகப் பேச்சில்லை. நேற்றுக்கூட தாரணி கேட்டுப் பார்த்தாள், அத்தைக்குச் சொல்லட்டுமா என்று. 'அவளா வந்தா வரட்டும். நீ கூப்புட வேண்டாம்' என்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

இப்போது அத்தையும் அந்தப் படத்தைப் பார்த்திருப்பாள். கவின்ராஜ் போனை எடுக்கவே இல்லை. அப்பாவின் மூச்சு நின்று நின்று வந்தது. அத்தை வருவதற்குள் ஒன்றும் ஆகிவிடக் கூடாது, அவள் வரும் காரணமும் அப்பா காதில் விழக் கூடாது. தாரணி சாமி அலமாரியைப் பார்த்துக்கொண்டே நின்றாள். மாதேஸ்வரா, ரெண்டையும் நீதான் பாத்துக்கணும்.

மத்தியானம் சாய்ந்தபோது தெருமுனையில் அந்தக் குரல் எழுந்தது.

"என்ற அண்ணாவே! என்னெ உட்டுப்போட்டுப் போக உனக்கு எப்படி மனசு வந்துது!"

லிங்கம்மா ஓடினாள். ஆனால் மாரக்காள் அவிழ்ந்த கூந்தலோடு, மார்பில் அடித்துக்கொண்டு, அவளையும் தாண்டி வந்துவிட்டாள். பின்னால் கவின்ராஜ் துணிப்பையோடு ஓடி வந்தான்.

அறையில் எல்லோரும் தலைகுனிந்து உறைந்தார்கள். கந்தசாமி கண்ணைத் திறந்தார்.

"அது மாரா அழுவறாப்ல இருக்குது. ஆரு செத்துட்டாங்க?"



மாரக்காள் நிலைப்படிக்கு வந்து பார்த்தாள். அண்ணன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பாதியில் நின்ற அழுகையோடு அவள் வாய் திறந்தபடியே இருந்தது.

கந்தசாமி அவள் விரித்த கூந்தலைப் பார்த்தார். சுற்றியிருந்த முகங்களைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது என்று தாரணிக்குப் பட்டது.

"ஏன் புள்ள நிறுத்திப்போட்ட?" என்றார் கந்தசாமி. "நல்லாத்தான அழுவற."

மஞ்சுநாத் முதலில் சிரித்தார். பிறகு அறை முழுக்கச் சிரித்தது, கண்ணீரும் சிரிப்புமாக. மாரக்காள் தடாரென்று தரையில் உட்கார்ந்து அண்ணன் காலைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏண்ணா, இப்படியா ஒரு மனுசியப் பயமுறுத்துவ? பஸ்ஸு முழுக்க அழுதுட்டு வந்தேன்ணா. பக்கத்து சீட்டுக்காரி பன்னு வாங்கித் தாரா எனக்கு!"

"தின்னயா?"

"தின்னேன். பசிச்சுதே."

கவின்ராஜ் தாரணியின் பக்கத்தில் வந்து நின்றான். "அக்கா, நான் முழுசாப் படிக்கல. படத்தப் பாத்ததும்…" அவன் தலையைத் தாரணி தடவிவிட்டாள்.

மாரக்காள் அண்ணன் பாதத்தில் முகத்தை வைத்திருந்தாள். "எல்லாத்துக்கும் செல்லுல தட்டி உட்ட மாதிரியே உனக்கும் உட்டுப்போட்டேன். ஒரு நடை வந்திருக்கோணும். காலு வலின்னு சோம்பிப்போட்டேன்ணா. உன்ற வாசல்ல வந்து நின்னிருக்கோணும் நானு."

கந்தசாமி கண்ணை மூடியிருந்தார். வெயில் ஜன்னல் கம்பிகளின் நிழலை அவர் மார்பில் கோடுகோடாகப் போட்டிருந்தது. உறங்கிவிட்டார் என்றே நினைத்தார்கள்.

"எப்பப் புள்ள கல்யாணம்?" என்றார் அவர்.

மாரக்காள் நிமிர்ந்தாள். தாரணியும் அவளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர் முகத்தில் கிண்டல் இல்லை. எங்கேயோ தண்ணீருக்கு அக்கரையில் நின்று கேட்பவர்போலக் கேட்டார்.

"கண்ணு தாரணி, ஒரு தட்டு எடு" என்றாள் மாரக்காள். இடுப்புப் பையை அவிழ்த்து, தான் மெல்லுவதற்கு வைத்திருந்த வெற்றிலையில் நல்லதாய்ப் பார்த்து எடுத்தாள். தாரணி சாமி அலமாரியிலிருந்து குங்குமச் சிமிழைக் கொண்டுவந்தாள். லிங்கம்மா ஓடிப்போய் வாழைப்பழமும் தேங்காயும் எடுத்து வந்தாள். அவிழ்ந்த கூந்தலை மாரக்காள் இறுக முடிந்துகொண்டாள். எழுந்து நிலைப்படிவரை போய், அங்கிருந்து புதிதாக உள்ளே வந்தாள்.

"அண்ணா, நம்ம ஜீவிதாளுக்குக் கல்யாணம் வெச்சிருக்குது. தாய்மாமன் நீ வந்துதான் அவ நெத்தியில பட்டங் கட்டோணும். குடும்பத்தோட வந்துருண்ணா."

கவின்ராஜ் வெளியே போய்ப் போனில் மெதுவாக என்னவோ பேசினான். திரும்பி வந்து திரையை மாமாவின் முகத்துக்கு நேரே பிடித்தான். வெளியூரில் இருந்த ஜீவிதா அதில் தெரிந்தாள். அண்ணன் கவின்ராஜ் சொன்னதை அவள் புரிந்துகொண்டிருந்தாள். மடியில் ஏற முண்டிய பிள்ளையை ஒரு கையால் மெல்லத் திரைக்கு வெளியே நகர்த்தினாள்.

"வந்துருங்க மாமா. நீங்க வராம நான் மணையில உக்கார மாட்டேன்."

"வர்றேன் சாமி" என்றார் கந்தசாமி.

கையை நீட்டி வெற்றிலையை வாங்கிக்கொண்டார். சற்றுப் பொறுத்து, "நல்ல வேட்டி ஒண்ணும் இல்லியே" என்றார்.

கவின்ராஜ் கையிலிருந்த துணிப்பையை எல்லோரும் பார்த்தார்கள். இறந்த அண்ணனுக்குப் போர்த்தவென்று மாரக்காள் வழியில் வாங்கிய கோடி வேட்டி அதில் இருந்தது. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். பிறகு தானே பையைப் பிரித்து, மடிப்புக் கலையாத அந்த வேட்டியை எடுத்து உதறினாள். சரிகைக் கரை வெயிலில் மின்னியது.

"உனக்குன்னுதாண்ணா வாங்கியாந்தேன்."

மஞ்சுநாத்தும் கவின்ராஜும் அவரைத் தூக்கிப் பிடிக்க, தாரணி கட்டிவிட்டாள். கந்தசாமி புது வேட்டியின் கரையை விரலால் தடவிப் பார்த்தார். முகத்தில் அறுபதாம் கல்யாணப் படத்தின் அதே சிரிப்பு.

"பஸ் வந்துருச்சா?"

மஞ்சுநாத் ஜன்னலை எட்டிப் பார்த்தார். தெருவில் வேப்பமர நிழலைத் தவிர ஒன்றும் இல்லை.

"வந்துருச்சு குரு. உனக்காகத்தான் நிக்குது."

வெயில் கட்டிலை விட்டு இறங்கிச் சுவருக்குப் போயிற்று. சுவரிலிருந்தும் போயிற்று. விளக்கு வைக்கும் நேரத்தில் மாரக்காள் அண்ணன் மூக்கருகே விரலை வைத்துப் பார்த்தாள். அவள் அழவில்லை. காலையிலிருந்து அழ வேண்டியதையெல்லாம் அழுதாகிவிட்டது. வெற்றிலை பிடித்த கையை எடுத்து அவர் மார்பின்மேல் வைத்தாள். விரல்களைப் பிரிக்கவில்லை.

தாரணி சமையலறைக்கு வந்து போனைத் திறந்தாள். குழுவில் அப்பா மேலே எங்கோ போய்விட்டிருந்தார். கீழே யாரோ மழைச் செய்தி போட்டிருந்தார்கள், யாரோ பேரனின் நடன வீடியோ. எழுதப் போனாள். 'அப்பா' என்று தட்டிவிட்டு நின்றாள். அதற்கு மேல் எழுத வேண்டியதை எல்லோரும் காலையிலேயே எழுதிவிட்டார்கள்.

போனை அரிசி டப்பாவின்மேல் கவிழ்த்து வைத்தாள். செருப்பில்லாமல் தெருவில் இறங்கினாள். முதல் வீட்டுக் கதவைத் தட்டிச் சொன்னாள். அடுத்த வீட்டிலும் சொன்னாள். ஒவ்வொரு வாசலிலும் நின்று, கதவு திறக்கும்வரை காத்திருந்து, முகம் பார்த்துச் சொன்னாள். கடைசியாக லிங்கம்மா வீட்டுக்கு வந்தாள்.

லிங்கம்மா கதவை அகலத் திறந்துவிட்டு வழிவிட்டாள். நடையில் இரண்டு பெரிய தண்ணீர் வாளிகளின் விளிம்பு நிறைய மாலைகள் தொங்கின. ஈரத்துணி போர்த்தி வைத்திருந்தாள். அவள் துணியை விலக்கினாள். ஒரு பூக்கூட வாடியிருக்கவில்லை.