மூன்றாம் ஓலை

பாலாடைக்கட்டி அழுத்தும் பலகையின் மேல் கல்லை ஏற்றி வைத்துவிட்டு நிமிர்ந்தபோது தாமசினுக்கு இடுப்பு சுரீரென்றது. பலகைக்கு அடியிலிருந்து மோர்த்தண்ணீர் ஒழுகித் தொட்டியில் விழுந்துகொண்டிருந்தது. கிடையில் ஆடுகளை அடைத்துவிட்டு வந்த கில்பர்ட் வாசலில் நின்றான்.

"சொல்லியிருந்தா நான் தூக்கி வெச்சிருப்பேனே புள்ள."

"ஆமா, தூக்கி வெச்சப்புறம் வந்து கேக்குறதுல ஒன்னும் குறைச்சல் இல்ல."

"பிரிஜெட் கெழவி அவ வீட்டுச் சாய்ப்பை நமக்கு விடுறேன்னு சொல்லிட்டா. கூரையில ஒரே ஒரு ஓட்டைதான்."

"ஒன்னுதானா?"

"நான் எண்ணினப்ப ஒன்னு. மழை வந்து எண்ணினா எத்தனையோ."

அவள் சிரித்துவிட்டாள். ராட்வேயின் பண்ணைக்குச் சிறுமியாக வேலைக்கு வந்தவள், இப்போது பால் அறை முழுவதும் அவள் பொறுப்பு. கில்பர்ட்டும் அங்கேயே ஆட்டுக்காரன். கோயிலில் இரண்டு ஞாயிறு அவர்களுடைய கல்யாண ஓலையை வாசித்தாகிவிட்டது. நாளை மூன்றாவது. யாரும் தடை சொல்லாமல் அதுவும் முடிந்தால் கல்யாணம். ஏப்ரனுக்குள் வயிறு தெரியத் தொடங்கியிருந்தது. பிள்ளை பிறப்பதற்குள் கல்யாணம் முடிந்துவிட்டால் யாரும் ஒன்றும் சொல்லப்போவதில்லை. ஊரில் பாதிப் பேருக்குத் தலைப்பிள்ளை அப்படிப் பிறந்ததுதான்.

அவள் பெட்டியில் ஒரு வெள்ளைப் படுக்கை விரிப்பு இருந்தது. பண்ணையில் மிஞ்சிய ஆளிச்செடி நாரையெல்லாம் குளிர்காலந்தோறும் வாங்கி, தானே நூற்று, தறிக்காரனிடம் நெய்து வாங்கியது. ஒருநாள்கூட விரித்ததில்லை. மடிப்புக்குள் லாவெண்டர்க் குச்சி வைத்து மூடியிருந்தாள்.

மறுநாள் பாதிரியார் ஓலையை வாசித்து முடித்து, தடை சொல்ல யாராவது உண்டா என்று வழக்கம்போலக் கேட்டார். முன்வரிசையில் ராட்வே எழுந்தார். ஊரார் வரியிலிருந்து பங்கின் ஏழைகளுக்குக் கொடுக்கும் பணத்துக்கு அந்த வருஷம் அவர்தான் பொறுப்பு.

"நான் சொல்றேன் சாமி."

"என்ன தடை, ராட்வே? ஒன்னுக்குள்ள ஒன்னு உறவா? யாருக்காவது ஏற்கெனவே கல்யாணம் ஆயிருக்கா?"

"அதெல்லாம் இல்ல. ஒண்ட ஒரு குடிசை கிடையாது, உழ ஒரு துண்டு நிலம் கிடையாது. வருசத்துக்கு ஒன்னு பெத்து நம்ம தலையிலதான் கட்டுவாங்க. வரி குடுக்குற எல்லாரும் சேர்ந்துதான் சொல்றோம்."

பின்னால் சிலர் தொண்டையைக் கனைத்து ஆமோதித்தார்கள். சட்டப்படி இது தடையே அல்ல என்று பாதிரியாருக்குத் தெரியும். ஆனால் அவர் களஞ்சியத்துக்குத் தானியம் வருவது அந்த முன்வரிசையிலிருந்துதான். இந்த வாசிப்பு செல்லாது என்று சொல்லி, தாளை மடித்து வேதப்புத்தகத்துக்குள் செருகிக்கொண்டார்.

மாலையில் இருவரும் பண்ணை முற்றத்தில் ராட்வேயின் முன் நின்றார்கள். அவர் கொடியவர் அல்ல. ஒருமுறை அவள் கையில் கொதிக்கும் பால் கொட்டியபோது தானே குதிரையேறிப் போய்க் களிம்பு வாங்கி வந்தவர்.

"உங்க மேல எனக்கு என்ன கோவம்? ஒரு குடிசை கட்டிக்கிற வரைக்கும் நாலஞ்சு வருசம் பொறுங்கன்னுதான் சொல்றேன்."

"நாங்க பொறுப்போம் எசமான். இது பொறுக்காதே," என்று தாமசின் ஏப்ரனை ஒதுக்கினாள்.

ராட்வே ஒரு கணம் பார்த்தார். பிறகு முற்றத்தில் மேய்ந்த வாத்துக் கூட்டத்தைப் பார்த்தார். பொழுது சாய்வதற்குள் அவள் பெட்டி பண்ணை வாசலுக்கு வெளியே கிடந்தது. கில்பர்ட்டை விடவில்லை. வருஷக் கெடு முடியாமல் வேலையை விட்டுப் போனால் அவனுக்குச் சிறை.

பிரிஜெட் கிழவியின் சாய்ப்பில், உறைபனிக் காலத்தில் பெண் குழந்தை பிறந்தது. பின்னாலேயே கோயில் விசாரணையும் வந்தது. கல்யாணம் இல்லாமல் பிள்ளை பெற்ற குற்றத்துக்கு இருவரும் வெள்ளைத் துணி போர்த்தி, சபைக்கு முன்னால் நின்று பாவத்தை அறிக்கையிட வேண்டும்.

"அதை முடிச்சிட்டா எங்க மூணாவது ஓலையை மறுபடி வாசிப்பீங்களா சாமி?" என்று கில்பர்ட் கேட்டான்.

"வீடு பாத்துட்டியா?"

"இல்ல சாமி."

பாதிரியார் பேச்சை மாற்றினார். "கோயில்ல வெள்ளைத் துணி ஒன்னுதான் இருக்கு. அதை நீ போத்திக்க. அவளை எதையாவது கொண்டுவரச் சொல்லு."

சனிக்கிழமை ராட்வேயின் மகள் டொரதி பின்பாதை வழியாகச் சாய்ப்புக்கு வந்தாள். தாமசின் ஊர்த் துணிகளைத் தைத்துக்கொடுத்துப் பிழைத்துக்கொண்டிருந்தாள். டொரதி மேலங்கிக்குள்ளிருந்து நீலநிற ரவிக்கை ஒன்றை எடுத்தாள்.

"இடுப்புத் தையலைப் பிரிச்சு விடணும்."

"எவ்வளவு சின்னம்மா?"

"உனக்கு எவ்வளவு பிரிச்சே?"

கேட்டதுமே டொரதியின் காதுகள் சிவந்துபோயின. தாமசின் ஊசியை எடுத்து வெளிச்சம் வரும் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள்.

"அப்பாவுக்குத் தெரியுமா?"

"தெரியும். அதான் அவசரம். நாளைக்கு மொத ஓலை. கம்பளி வியாபாரி மகன். அப்பா மேட்டு வயலையெல்லாம் எங்க பேருக்கு எழுதறாரு." டொரதி தொட்டிலை எட்டிப் பார்த்தாள். "யார்கிட்டயும் சொல்லிட மாட்டியே?"

"நான் சொன்னா யாரு சின்னம்மா நம்புவா?"

தையலைப் பிரித்து, பட்டி வைத்து, வெளியே தெரியாதபடி முடித்துக் கொடுத்தாள். ஒரு தையல்கூடக் கோணவில்லை. டொரதி ஒரு துண்டு பன்றிக்கறியைத் தொட்டிலருகே வைத்துவிட்டு வந்த வழியே போனாள். தாமசின் தன் பெட்டியைத் திறந்து விரிப்பை எடுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை இருவரும் வெறுங்காலோடு, கையில் வெள்ளைக் கோல் பிடித்து, பிரசங்க மேடைக்கு முன்னால் போட்டிருந்த பெஞ்சின் மேல் நின்றார்கள். கில்பர்ட்டின் துணியைப் பூச்சி அரித்திருந்தது. அவளுடையது புதுசு, மடிப்புக்கூடக் கலையவில்லை. லாவெண்டர் வாசம் முன்வரிசை வரை போனது. ராட்வேயின் மனைவி குனிந்து பக்கத்திலிருந்தவளிடம், "நல்ல நெசவு," என்றாள்.

பாதிரியார் ஒவ்வொரு வரியாகச் சொல்லச்சொல்ல, இருவரும் சேர்ந்து திருப்பிச் சொன்னார்கள். மணமக்கள் நின்று சொல்லும் அதே இடம். தேவனுக்கும் இந்தச் சபைக்கும் விரோதமாகப் பாவம் செய்தோம் என்றார்கள். கில்பர்ட்டின் குரல் நடுவில் உடைந்தது. அவள் அவனுக்காகவும் சேர்த்து உரக்கச் சொன்னாள்.

பூசை முடியும்வரை இறங்கக்கூடாது. பாதிரியார் அடுத்த தாளை எடுத்தார். டொரதி ராட்வேயின் பெயரையும் கம்பளி வியாபாரி மகனின் பெயரையும் வாசித்தார். முன்வரிசையில் டொரதி நீல ரவிக்கையோடு நேராக உட்கார்ந்திருந்தாள். தையல் நன்றாகவே பொருந்தியிருந்தது.

"இவர்கள் இருவரும் மணமுடிக்கத் தடை ஏதும் அறிந்தவர்கள் இருந்தால் சொல்லலாம்."

ராட்வே தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒருவரும் இருமவில்லை. அந்த அமைதியில், கடைசி வரிசையில் பிரிஜெட்டின் மடியில் கிடந்த குழந்தை பசித்து வீரிட்டது. தாமசின் கோலை இறுகப் பிடித்தபடி நின்றாள். விரிப்பின் மார்புப் பக்கத்தில் பால் கசிந்து, இரண்டு ஈர வட்டங்கள் மெல்லப் பரவிக்கொண்டிருந்தன.